வடிச்ச கஞ்சியைக் கொட்டாதீங்க

பொட்டி தட்டுற வேலையைப் பத்தி இங்கே எழுதுறதில்லைன்னு ஒரு கொள்கை வச்சிருந்தேன். பகல் முழுக்க அதையே பார்த்துட்டு ராத்திரியும் அதையே எழுதணுமான்னு வீட்ல கேட்டாங்க, நியாயம்தான். ஆனா இந்த ஒரு மேட்டர் ரொம்ப நாளா தொண்டைக்குழியில நிக்குது. அதனால இன்னைக்கு மட்டும் கொள்கைக்கு லீவு. ப்ரோகிராமிங் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காத நண்பர்களும் ஓடிடாதீங்க. கொஞ்சம் சோறு வடிக்கிறதும் இருக்கு, கொஞ்சம் சம்பளமும் இருக்கு :-)

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். டேட்டாவை ஒரு பக்கம் உள்ளே விட்டு, படிப்படியா மாத்தி, மறுபக்கம் வேற ஒண்ணா வெளியே எடுக்கிற கோடுக்கு நாம அழகுக்காக மார்க் போடுறோம். எத்தனை சின்னதா இருக்கு, எத்தனை சரளமா ஓடுது, இப்படி. நான் வைக்கிற பரீட்சை ஒரே ஒரு கேள்விதான். "உள்ளே போன இந்த ஆள் ஏன் வெளியே வரலை?" இதுக்கு அந்தக் கோடைப் படிச்சு பத்து நிமிஷத்துல பதில் சொல்ல முடிஞ்சா அது நல்ல கோடு. முடியலைன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் ஃபெயில்.

பைப்லைன்னா என்ன?

ஒரு கம்பெனியில மாசக் கடைசின்னு வச்சுக்குவோம். ஊழியர்களோட வருகைப் பதிவு ஒரு ஃபைலா வருது. அதை வரி வரியாப் படிக்கணும். வெத்து வரியைத் தள்ளணும். ஒவ்வொருத்தரும் எத்தனை நாள் வேலை பார்த்தாங்கன்னு கூட்டணும். சம்பளம் போடணும், பி.எஃப். பிடிக்கணும். வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்க்கணும். கடைசியில வங்கிக்கு அனுப்புற ஃபைலை எழுதணும். இந்த முனையில வருகை, அந்த முனையில சம்பளம், நடுவுல ஏழெட்டுப் படி. ஒரு படியில இருந்து வெளியே வர்றது அடுத்த படிக்கு உள்ளே போகும். அவ்வளவுதான் பைப்லைன்.

யோசனை பழசுதான். பெல் லேப்ஸ்ல இருந்த டக்ளஸ் மெக்கில்ராய், தோட்டத்து ஹோஸ் பைப்பை ஒண்ணோட ஒண்ணு திருகி மாட்டுற மாதிரி ப்ரோகிராம்களையும் மாட்ட ஒரு வழி வேணும்னு 1964-லயே ஒரு குறிப்பு எழுதி வச்சார். 1973-ல கென் தாம்ப்ஸன் அதை யூனிக்ஸ்ல செஞ்சு காட்டினார். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழிகள் பக்கம் வந்தா, ஸ்மால்டாக்-80-லயே ஒரு பட்டியல்கிட்ட "இதை எல்லாம் எடு", "இதை எல்லாம் ஒதுக்கு", "ஒவ்வொண்ணையும் மாத்திக் கொடு"ன்னு சொல்ல செலக்ட், ரிஜெக்ட், கலெக்ட்னு மூணு மெத்தட் இருந்துச்சு. ரூபி அந்தப் பேருங்களை அப்படியே வாங்கிக்கிச்சு. சி ஷார்ப்புக்கு 2007-ல லிங்க் வந்தது. ஜாவாக்காரங்க நாங்கதான் லேட்டு. 2014 மார்ச்ல ஜாவா 8 வந்தப்புறம்தான் எங்களுக்கு ஸ்ட்ரீம் கிடைச்சது. எங்க காலேஜ் சிலபஸுக்கு அது வரவே இல்லை, வேலைக்கு வந்துதான் கத்துக்கிட்டேன்.

முதல் தடவை பார்க்கும்போது சொக்கித்தான் போனேன், மறைக்கலை. முன்னாடி இருபது வரி ஃபார் லூப், உள்ளே நாலு இஃப், அதுக்குள்ள இன்னொரு லூப்னு இருந்தது, புள்ளி வச்சு புள்ளி வச்சு பத்து வரியில முடிஞ்சிடும். மார்கழிக் கோலம் மாதிரி. பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்குது.

ஒரு அழகான கோடு

கீழே இருக்கிறது ஜாவா ஜாடையில தமிழ்ல எழுதினது. சும்மா விளையாட்டுக்கு இல்லை. ஜாவாவுல கிளாஸுக்கும் மெத்தடுக்கும் தமிழ்லயே பேர் வைக்கலாம், கம்பைலர் ஒண்ணும் சொல்லாது. ஸ்ட்ரீம், ஃபில்டர், மேப் மாதிரி லைப்ரரி சமாச்சாரத்தை மட்டும் நான் ஒலிபெயர்த்திருக்கேன்.

வரிகள்.ஸ்ட்ரீம்()
   .ஃபில்டர்(வ -> !வ.வெறுமையா())
   .மேப்(வ -> வ.பிரி(","))
   .ஃபில்டர்(அ -> அ.நீளம் == 7)
   .மேப்(அ -> கருவி.மாற்று(அ))
   .ஃபில்டர்(ஊ -> ஊ.நாட்கள்() > 0)
   .மேப்(ஊ -> கருவி.கணக்கிடு(ஊ))
   .மேப்(ச -> கருவி.வங்கி_சேர்(ச))
   .ஃபில்டர்(ச -> கிளைப்பட்டியல்.உண்டா(ச.ஐஎஃப்எஸ்சி()))
   .மேப்(ச -> ச.வரியாக்கு())
   .லிஸ்ட்டாக்கு();

பதினோரு வரி. மேலே இருந்து கீழே படிச்சா வழுக்கிட்டுப் போகுது. கோடு ரிவ்யூவுல இதைக் காட்டினா "சூப்பர்"னு ஒரு கட்டை விரல் விழும். இப்போ என் பரீட்சையை வைங்க. முருகன்னு ஒரு செக்யூரிட்டி. அவர் பேர் வருகை ஃபைல்ல இருக்கு, வங்கி ஃபைல்ல இல்லை. ஏன்?

தெரியாது. நாலு இடத்துல ஃபில்டர் இருக்கு. நாலுல எந்த ஓட்டையில விழுந்தார்னு இந்தக் கோடு எங்கேயும் சொல்லாது, எங்கேயும் எழுதி வைக்காது. அவர் உள்ளே வந்தார்ங்கிறதுக்கே கடைசியில அடையாளம் இல்லை.

இது கற்பனை பயம் இல்லை. இதே சாயல்ல ஒரு கோடை 2021-ல பக்கத்துல இருந்து பார்த்தேன். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களை அனுப்புற ஒரு நிறுவனத்தோட சம்பள சாஃப்ட்வேர் அது. பேர் வேண்டாம். என்ன நடந்ததுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஐஎஃப்எஸ்சி கோடு பத்தி ரெண்டு வரி. செக் புக்ல பார்த்திருப்பீங்க, மொத்தம் 11 எழுத்து. முதல் 4 வங்கியைச் சொல்லும், அஞ்சாவது பூஜ்யம், கடைசி 6 கிளையைச் சொல்லும். ஒரு வங்கி இன்னொரு வங்கியில கரைஞ்சா இந்த கோடும் ஒருநாள் மாறித்தானே ஆகணும்? 2020 ஏப்ரல் 1-ம் தேதி 10 பொதுத்துறை வங்கிகளை 4 ஆக்கினாங்க. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோட சேர்ந்தது, சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோட சேர்ந்தது. சிண்டிகேட்டோட பழைய ஐஎஃப்எஸ்சி எல்லாம் 2021 ஜூலை 1-லேர்ந்து செல்லாதுன்னு முன்கூட்டியே அறிவிச்சிருந்தாங்க.

அந்த நிறுவனத்துல கிளைப்பட்டியலை ஒழுங்கா புதுப்பிச்சாங்க. பழைய கோடுகளை எடுத்துட்டு புதுசைப் போட்டாங்க. அதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா ஊழியர் விவரத்துல முப்பது சொச்சம் பேருக்கு இன்னும் பழைய கோடே இருந்துச்சு. மாசக் கடைசியில ஜாப் ஓடுச்சு. மேலே இருக்கிற ஒன்பதாவது வரி மாதிரி ஒரு வரி, அத்தனை பேரையும் சத்தமே இல்லாம உதிர்த்துடுச்சு. எரர் இல்லை. லாக்ல ஒரு முணுமுணுப்பு இல்லை. வங்கி ஃபைலோட மொத்தத் தொகையை அந்த ஃபைல்ல இருந்த வரிகளை வச்சே கூட்டினதால அதுவும் டேலி ஆச்சு. ஜாப் வெற்றின்னு பச்சை விளக்கு எரிஞ்சுது.

சம்பளம் வராதவங்க சூப்பர்வைசரைக் கேட்டாங்க. சூப்பர்வைசர் ஹெச்.ஆரைக் கேட்டார். ஹெச்.ஆர். "எங்க பக்கம் போயாச்சு, வங்கியில கேளுங்க"ன்னு சொன்னாங்க. வங்கியில "உங்க பேர்ல எதுவும் வரலையே"ன்னு சொன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதுமே அவங்கவங்க பார்த்த வரைக்கும் உண்மை! விஷயம் எங்க டீம் வரைக்கும் வந்து, காரணம் தெரிய நாலு நாள் ஆச்சு. மாசம் முடிஞ்சு அஞ்சாம் தேதி வாடகை கொடுக்க வேண்டிய ஆளுக்கு நாலு நாள்ங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் விளக்க வேண்டாம்.

அந்தக் கோடை எழுதினவர் எப்பவோ வேற வேலைக்குப் போயாச்சு. அவரைத் திட்டி பிரயோஜனம் இல்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ், ரிவ்யூவும் பாஸ். நாம எல்லாரும் சேர்ந்து எதை அழகுன்னு கொண்டாடுறோமோ அதைத்தான் அவரும் எழுதியிருந்தார்.

சோறு வடிக்கிறதும் காபி வடிக்கிறதும்

ஃபில்டர்ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தமிழ்ல வடிகட்டுறது. காபி ஃபில்டர்ல கீழே இறங்குறது நமக்கு, மேலே தங்குறது குப்பைக்கு. சோறு வடிக்கும்போது நேர் எதிர்: பானையில தங்குறது நமக்கு, கீழே இறங்குறது வெளியே. அப்போ ஃபில்டர்னு ஒரு மெத்தட் இருந்தா, நான் கொடுக்கிற நிபந்தனை எதைப் பிடிக்கும், எதை விடும்? ஜாவாவுல நிபந்தனை உண்மையா இருக்கிறது தங்கும். ஆனா இதைப் பேரை வச்சு யாராலும் கண்டுபிடிக்க முடியாது, மனப்பாடம்தான் பண்ணணும். ஸ்மால்டாக்காரங்க இதுக்குத்தான் எடு, ஒதுக்குன்னு ரெண்டு தனிப் பேர் வச்சாங்க.

சரி, பேர் போகட்டும். அதைவிடப் பெரிய விஷயம் கஞ்சி. எங்க ஆயா சோறு வடிச்சா கஞ்சியைக் கீழே கொட்டினதா எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு சட்டியில பிடிச்சு வைப்பாங்க. கொஞ்சம் உப்பு போட்டு எங்களுக்குக் குடிக்க, கொஞ்சம் பருத்திப் புடவைக்குப் போட, மிச்சம் மாட்டுத் தொட்டிக்கு. சோத்துக்கு வேண்டாததுதான், அதுக்காக யாருக்குமே வேண்டாததா என்ன?

டேட்டாவுல வடிபட்டுப் போறதும் அப்படித்தான். வங்கி ஃபைலுக்கு வேண்டாம், சரி. ஹெச்.ஆருக்கு அதுதான் இன்னைக்கு வேலை. முருகனுக்கு அதுதான் பதில். ஜாவாவோட ஃபில்டர் அந்தக் கஞ்சியை நேரா சாக்கடையில விடுது. அதனால மனுஷங்க சம்பந்தப்பட்ட எந்தப் பைப்லைன்லயும் வெறும் ஃபில்டரைப் பார்த்தா நான் ரிவ்யூவுல நிறுத்திடுவேன். வெத்து வரியைத் தள்ளுறதுக்கு இருக்கட்டும். ஒரு ஆளைத் தள்ளுறதுக்குக் கூடாது.

அப்போ எப்படி எழுதணும்ங்கிறே?

நான் பின்பற்றுற மூணு விஷயம். மூணுமே கிதாப்ல இல்லாததில்லை, ஆனா சேர்த்துப் பார்த்தது அபூர்வம்.

முதல் விஷயம், சட்டி வைங்க. உண்மை, பொய்னு மட்டும் சொல்ற சோதனைக்குப் பதிலா, "தேறியது" இல்லைன்னா "நின்றது, காரணம் இது"ன்னு திருப்பித் தர்ற சோதனையா எழுதுங்க. ஜாவாவுல பார்ட்டிஷனிங்பைன்னு ஒண்ணு இருக்கு, ஒரே தடவையில ரெண்டு குவியலாப் பிரிச்சுத் தரும். ஆனா காரணத்தைச் சொல்லாது. அதனால ரெண்டே ரெண்டு சின்ன ரெக்கார்ட் நாமளே எழுதிக்கலாம். 2021-ல ஜாவா 16-ல ரெக்கார்ட் நிலையானது, அதே வருஷம் ஜாவா 17-ல சீல்ட் டைப் வந்தது, 2023-ல ஜாவா 21-ல ஸ்விட்ச்ல பேட்டர்ன் மேட்சிங் வந்தது. மூணையும் சேர்த்தா, நின்றவங்களை என்ன பண்ணப்போறேன்னு சொல்லாம மறந்துட்டா கம்பைலரே நம்மளைக் காலரைப் பிடிச்சு நிறுத்தும். முன்னாடி இதுக்கு அம்பது வரி எழுதணும், இப்போ அஞ்சு வரி. சாக்கு சொல்ல வழியில்லை.

சட்டி வச்சாச்சுன்னா டேலி பார்க்கலாம். உள்ளே வந்தது = தேறியது + நின்றது. நம்ம ஊர் மளிகைக் கடையில ராத்திரி கல்லாவை எண்ணாம ஷட்டரை இறக்குவாங்களா? ஒவ்வொரு படியிலயும் இந்தக் கணக்கைப் பாருங்க, இடிச்சா வங்கி ஃபைலை எழுதாதீங்க. ஒண்ணு கவனிக்கணும். ஒருத்தரோட முப்பது நாள் வருகையை ஒரே மாசக் கணக்காச் சேர்க்கிற படியில எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அங்கே வரிகளை எண்ணக் கூடாது, மொத்த வேலை நாட்களைக் கூட்டிப் பார்க்கணும். எதை எண்ணினா மாறாதோ அதை எண்ணணும்.

ரெண்டாவது விஷயம், ஸ்டேஷனுக்குப் பேர் வைங்க. சென்னையில இருந்து மதுரைக்கு ரயில் எப்படிப் போகும்னு கேட்டா செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல்னு சொல்வோம். "கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் திரும்பும், மறுபடி ஓடும்"னு யாராவது சொல்வாங்களா? மேலே இருக்கிற கோடு அப்படித்தான் சொல்லுது. மாற்று, கணக்கிடு, சேர், ஆக்கு, எல்லாமே வினை. எதுவாக மாறுச்சு? ஒரு படி முடிஞ்சதும் கையில இருக்கிறது என்ன? அ, ஊ, ச. இப்படி எழுதிப் பார்ப்போம்.

வருகைகள் = படிப்பான்.படி(ஃபைல்);
மாதவருகைகள் = வருகைகள்.ஊழியர்வாரியாக();
சம்பளங்கள் = மாதவருகைகள்.சம்பளமாக்கு(விதிகள்);
சோதனை = சம்பளங்கள்.கணக்கைச்_சரிபார்(கிளைப்பட்டியல்);
வங்கிஃபைல்.எழுது(சோதனை.தேறியவை());
நின்றவர்_பட்டியல்.எழுது(சோதனை.நின்றவை());

வருகைகள், மாதவருகைகள், சம்பளங்கள், சோதனை. இடது பக்கம் மட்டும் படிச்சாலே கதை புரியுது. உள்ளே இதே ஸ்ட்ரீம்தான் ஓடுது, எனக்கு ஸ்ட்ரீம் மேல ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு மெத்தட் உள்ளேயும் மூணு நாலு புள்ளி, அதோட நிறுத்தம். நின்னு பார்க்க ஒரு ஸ்டேஷன் இருக்கு. டெஸ்ட் எழுதவும் ஸ்டேஷன் வேணும்: மூணு பேர் மாதவருகையைக் கையால செஞ்சு கொடுத்து சம்பளம் சரியா வருதான்னு பார்க்கலாம். பதினோரு வரிச் சங்கிலியில அதுக்கு முழு வருகை ஃபைலையே தயார் பண்ணணும்.

இங்கேதான் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழிங்கிறது உதவிக்கு வருது. முதல் கோடுல "கருவி"ன்னு ஒரு கிளாஸ் பார்த்தீங்களா? எல்லா ஆபீஸ்லயும் அப்படி ஒண்ணு இருக்கும். எங்கே வைக்கிறதுன்னு தெரியாத சாமானை எல்லாம் தூக்கிப் போடுற பரண். பி.எஃப். விதி அங்கே, தேதி மாத்துறது அங்கே, வங்கி விவரம் அங்கே. அதை இறக்கி, எந்த டேட்டா எங்கே இருக்கோ அந்த விதியையும் அங்கேயே வைங்க. மாதவருகைக்குத்தான் சம்பளமா மாறத் தெரியும், சம்பளத்துக்குத்தான் தன் கணக்கைச் சரிபார்க்கத் தெரியும். அதோட இன்னொரு லாபம்: வங்கிஃபைல்.எழுது "சரிபார்த்த சம்பளம்"ங்கிற டைப்பை மட்டும்தான் வாங்கும்னு வச்சுட்டா, சோதனையைத் தாண்டிக் குதிச்சு யாரும் ஃபைல் எழுத முடியாது. கோடு கம்பைலே ஆகாது. அடுத்த வருஷம் புதுசா வர்ற ஃப்ரெஷர் வரிசையை மாத்திப் போட்டாலும் அவரைக் காப்பாத்த டைப் இருக்கு.

மூணாவது விஷயம், மேப்புக்குள்ள கள்ள வேலை கூடாது. எட்டாவது வரி "வங்கி_சேர்" எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க. உள்ளே போய்ப் பார்த்தா ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா டேட்டாபேஸுக்கு ஒரு நடை போயிட்டு வரும். 3,000 பேர்னா 3,000 நடை. கறிவேப்பிலைக்கு ஒரு தடவை, உப்புக்கு ஒரு தடவைன்னு கடைக்கு ஓடுறதுக்கு, சீட்டு எழுதி ஒரே தடவையில வாங்கிட்டு வந்துடலாமே? முன்கூட்டியே எல்லா விவரத்தையும் எடுத்து வச்சுட்டு, பைப்லைனுக்குள்ள கணக்கு மட்டும் நடக்கட்டும்.

லாக் எழுதுறதுலயும் இந்தக் கள்ளத்தனம் உண்டு. பீக்னு ஒரு மெத்தட் வச்சு "இத்தனை பேர் வந்தாங்க"ன்னு எண்ணுவாங்க. ஸ்ட்ரீம் சோம்பேறி. கடைசிப் படி கேட்டாத்தான் மேலே இருக்கிற படியெல்லாம் அசையும். ஜாவா 9-லேர்ந்து, எண்ணிக்கையை மூலத்துல இருந்தே சொல்லிட முடியும்னா கவுண்ட் நடுவுல இருக்கிற படிகளை ஓட்டாமலே பதிலைச் சொல்லிடலாம். அப்போ உங்க பீக் ஒரு தடவைகூட ஓடியிருக்காது. டீபக் பண்ணத்தான் பீக்னு ஜாவா ஆவணத்துலயே போட்டிருக்கு. ஆள் கணக்கை அதை நம்பி விடக் கூடாது.

ஆறு வரி மேஜிக்

இதைப் பேச ஆரம்பிச்சாலே யாராவது ஒருத்தர் மெக்கில்ராய் கதையை எடுத்துட்டு வருவாங்க. 1986-ல ஜான் பென்ட்லி தன்னோட பத்திரிகைப் பத்திக்காக, ஒரு உரையில அதிகம் வர்ற வார்த்தைகளைக் கண்டுபிடிக்கிற ப்ரோகிராமை டொனால்ட் கனூத்தை எழுதச் சொன்னார். கனூத் விளக்கமும் கோடுமா பக்கம் பக்கமா ஒரு அருமையான பாஸ்கல் ப்ரோகிராம் எழுதினார். அதை விமர்சனம் பண்ண வந்த மெக்கில்ராய், ஆறே ஆறு யூனிக்ஸ் கமாண்டைப் பைப் போட்டு இணைச்சு அதே வேலையை முடிச்சுக் காட்டினார். "பார்த்தியா, சின்னதா இருந்தாத்தான் அழகு"ன்னு இந்தக் கதையில இருந்து நீதி எடுப்பாங்க.

எனக்கு அதுல தெரியுற நீதி வேற. அந்த ஆறு வரி புரியுறதுக்குக் காரணம் அது ஆறு வரிங்கிறது இல்லை. எந்த இடத்துல வேணும்னாலும் பைப்பை வெட்டி, தண்ணி எப்படி வருதுன்னு கண்ணால பார்க்கலாம். முதல் கமாண்டை மட்டும் ஓட்டினா வார்த்தைகள் வரிக்கு ஒண்ணா வரும். மூணாவது வரைக்கும் ஓட்டினா வரிசைப்படுத்தின பட்டியல் வரும். ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு ஸ்டேஷன் தானாவே இருக்கு. நாம ஜாவாவுல அந்தப் பைப்போட தோற்றத்தை மட்டும் காப்பி அடிச்சுட்டு, மூட்டை எல்லாம் வெல்டிங் வச்சு மூடிட்டோம். புள்ளிகளை வரிசையா வச்சா மட்டும் பைப்லைன் ஆயிடாது, நடுவுல திறந்து பார்க்கக் குழாய் வேணும்.

வரப்போற கல்லடிகளுக்கு முன்ஜாமீன்

"இத்தனூண்டு வேலைக்கு இத்தனை கிளாஸா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்வி. ஒரு லிஸ்ட்ல இருக்கிற பேரை எல்லாம் அகரவரிசையில அடுக்கணும்னா நாலு புள்ளி வச்சுட்டுப் போயிட்டே இருங்க, அதுக்கெல்லாம் நான் ஸ்டேஷன் கேக்கலை. ஒரு வரி காணாமப் போனா யாருக்காவது வலிக்குமா? வலிக்கும்னா கிளாஸ் எழுதுங்க. அந்த ஒரு கேள்வி போதும். ரெக்கார்ட் வந்தப்புறம் ஒரு கிளாஸ்ங்கிறது ஒரு வரி, அதுக்குப் போய் கஞ்சத்தனம் வேண்டாம்.

"ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் முழு லிஸ்டைச் சேர்த்து வச்சா மெமரி என்னாகும்?" சில ஆயிரம் ஊழியர்னா ஒண்ணும் ஆகாது, உங்க ப்ரவுசர்ல திறந்து கிடக்கிற டேபுகள் அதைவிட அதிகம் தின்னும். கோடிக்கணக்கான வரின்னா உண்மையிலேயே யோசிக்கணும். அப்போ தேறினதை ஓட விடுங்க, எண்ணிக்கையையும் நின்றவங்களையும் மட்டும் பிடிச்சு வைங்க. கஞ்சி எப்பவும் சோத்தைவிடக் கம்மியாத்தான் இருக்கணும். அதிகமா இருந்தா அரிசியிலதான் கோளாறு, அதுவும் தெரிய வேண்டியதுதானே?

"டீபக்கர் எதுக்கு இருக்கு? இன்டெல்லிஜேல ஸ்ட்ரீம் படி படியா காட்டுமே?" காட்டும், அருமையாக் காட்டும். என் மேசையில. மாசக் கடைசி ராத்திரி ரெண்டு மணிக்கு, சர்வர்ல, உண்மையான டேட்டாவுல ஓடுற ஜாபுக்குப் பக்கத்துல டீபக்கர் உட்கார்ந்திருக்காது. அப்போ நமக்குக் கையில இருக்கப்போறது கோடு, லாக், நின்றவர் பட்டியல். இந்த மூணு மட்டும்தான்.

"பழைய ஃபார் லூப்பே தேவலைங்கிறியா?" சில சமயம், ஆமா. பேர் வச்ச ஒரு லூப், பேர் இல்லாத பத்து லாம்ப்டாவைவிட நல்லா இருக்கும். ஆனா லூப்லயும் கன்டின்யூன்னு ஒரு சாக்கடை இருக்கு, சத்தமில்லாம ஆளை விழுங்கும். கருவி எதுவா இருந்தாலும் சட்டி வச்சிருக்கீங்களாங்கிறதுதான் விஷயம்.

கடைசியா

படிக்கத்தக்க கோடுன்னு நாம பேசும்போதெல்லாம், படிக்கப்போறது இன்னொரு ப்ரோகிராமர்னே நினைச்சுக்கிறோம். அவருக்குப் பிடிக்கணும், அவர் கட்டை விரல் காட்டணும். ஆனா அந்தக் கோடுக்குள்ள பயணம் பண்றது முருகனோட பன்னிரண்டு மணி நேர டூட்டி. அவருக்கு ஜாவாவும் தெரியாது, நம்ம ரிவ்யூவும் தெரியாது. "சார், என் சம்பளம் ஏன் வரலை?"ன்னு கேக்க மட்டும் தெரியும். அந்தக் கேள்வி மாசத்துல என்னைக்கு வந்தாலும், "உங்க ஐஎஃப்எஸ்சி பழசு, புது பாஸ்புக் கொண்டு வாங்க"ன்னு ஹெச்.ஆர். அன்னைக்கே சொல்லணும். அதுக்கு ஒரு ப்ரோகிராமரே தேவைப்படக் கூடாது. நின்றவர் பட்டியல்ல ஒரு வரி இருந்தாப் போதும்.

நாலு நாளுக்கும் நாலு நிமிஷத்துக்கும் நடுவுல இருந்தது அந்த ஒரு சட்டிதான்.

உங்க ஆபீஸ்ல ஓடுற ஜாபுல எத்தனை ஃபில்டர் இருக்கு, அதுல விழுந்தவங்க எங்கே போறாங்கன்னு நாளைக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. எண்ணிட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா கும்முங்க, நான் ஓடி ஒளிய மாட்டேன்.

டிஸ்கி 1: முருகன்ங்கிற பேர் உதாரணத்துக்கு வச்சது. சம்பளம் வராம நின்னவங்க நிஜம்.

டிஸ்கி 2: வடிச்ச கஞ்சியில உப்பு, சின்ன வெங்காயம், ரெண்டு ஸ்பூன் மோர் விட்டுக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் ஃபில்டர் போட மனசு வராது :-)